கூடை வேண்டாம், மகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் நலம். அப்பாவுக்குக் குளிர் தொடங்கினால் வரும் முழங்கால் வலிதான், வேறொன்றும் இல்லை. நீ மப்ளர் கட்டாமல் வெளியே போகாதே.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே வாயால் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது, எனக்கோ சொல்ல நிறைய இருந்தது. மார்ச்சில் அமெரிக்காவில் உங்கள் விஸ்கான்சின் கெம்பஸுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை, இலங்கை மேசை உன் பொறுப்பு என்றாய். கொழுந்துக்கூடை, தேயிலைப் பெட்டி, சேலை, தோட்டத்துப் படங்கள் என்று ஒரு பட்டியலும் சொல்லி, சரியா என்று கேட்டாய். சேலை இருக்கட்டும். கூடை வேண்டாம், மகள்.

தேயிலைப் பைக்கற்றுகளைத் திருப்பிப் பார். கூடை மாட்டிய பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பிள்ளைகள் அவளை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். உன் அம்மாயி ஆயுள் முழுக்கக் கூடை சுமந்தவர். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் அதை இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், கவிழ்த்து வைப்பார், மறுநாள் விடியும்வரை அதன் பக்கம் திரும்பமாட்டார். அது வேலைச் சாமான். அவரைப் பற்றி ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமானால் அவர் எதற்காக விழித்திருந்தார், எதைப் பார்த்து அழுதார் என்பதைச் சொல்ல வேண்டும். அதனால் மன்மதன் எரிந்த கதையை ஆடும் நம் காமன் கூத்தைக் கொண்டுபோ. நாளும் பொருந்தி வருகிறது. இங்கே மாசியில் கம்பம் ஊன்றித் தப்புப் பறை முழங்கும் காலத்தில்தான் அங்கே உன் மேசையும்.

உன் தாத்தா கூத்து மாஸ்டர். நீ பிறக்கும் முன்பே போய்விட்டார், அதனால் நீ பார்த்ததில்லை. அவர் காலத்தில் ரதிக்கு வேடம் கட்டியவர் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் ஒரு கவ்வாத்துக்காரர். பகல் முழுக்கக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையில் இரவு வளையல் ஏறும். அரிதாரம் பூசி, கண்ணுக்கு மை தீட்டி அவர் வந்து நின்றதும் லயத்துப் பெண்கள், வரிசை வீடுகளில் இருந்தவர்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். தவத்தில் இருக்கும் சிவனைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். அவன் கரும்பு வில்லில் பூ அம்பு தொடுக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது. மதன் சாம்பல். ரதி அழுது நியாயம் கேட்கிறாள்.

அந்த இடத்தில் நீ கதையை நிறுத்து. அவன் உயிரோடு திரும்புவதையும், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்பதையும் உடனே சொல்லிவிடாதே. "நீங்கள் சிவனாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதற்குப் பதில் இருக்கும். அனுப்பியவர்கள் தேவர்கள், எரிந்தவன் மதன் என்பதை யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் பிடித்துவிடும். அப்போது சொல், எங்கள் சனம் வருடா வருடம் அந்த இடத்தில்தான் அழும் என்று. அதற்குப் பிறகு தேயிலையைப் பற்றி அவர்களே கேட்பார்கள். 1820களில் தென்னிந்தியாவிலிருந்து நம் ஆட்கள் கோப்பித் தோட்ட வேலைக்கு வந்ததையும், 1869க்குப் பிறகு இலைநோய் கோப்பியைத் தின்றுவிடத் தேயிலை வந்ததையும் அப்போது சொன்னால் காதில் ஏறும். முதலிலேயே சொன்னால் அது ஒரு பாடம், அவ்வளவுதான்.

தப்பு ஒன்றை அனுப்ப அப்பா ஆசைப்படுகிறார். தோலை விமானத்தில் விடுவார்களோ என்னவோ, விசாரித்துச் சொல். முடியாவிட்டால் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவோம். அடிப்பதை மட்டுமல்ல, காய்ச்சுவதையும் சேர்த்து. அதை நீ சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தி, தப்பை அதன் மேல் சாய்த்துப் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார்கள். முதலில் பொத்துப் பொத்தென்று ஈரச் சத்தம் வரும். சூடு ஏற ஏறத் தோல் இறுகி, ஒரு கட்டத்தில் சத்தம் தெறிக்கும். அப்புறம்தான் தோளில் மாட்டுவார்கள். அந்தக் காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆளை எழுப்பியதும் இதே தப்புத்தான். காலையில் துரைக்காக அடித்ததையே மாசி இரவில் தங்களுக்காக அடித்தார்கள். இதைச் சொல்ல மறக்காதே.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் வந்தால் இன்னொன்றையும் சொல். தப்படித்தவரை வாசலுக்கு மேல் ஏறவிடாத வீடுகள் நம் தோட்டத்திலேயே இருந்தன. சாமிக்கு முன்னால் அவருடைய தப்பு வேண்டும், அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனிச் சிரட்டை. வெள்ளைக்காரன் செய்ததைச் சொல்லிவிட்டு நாமே நமக்குச் செய்ததை மறைத்தால் அது நியாயமில்லை. நல்லதை மட்டும் பொறுக்கி மேசையில் அடுக்கினால் அங்கே வரும் பிள்ளை ஒரு கடையைப் பார்த்துவிட்டுப் போகும், மனிதர்களைப் பார்க்காது.

சரி, அந்த விளையாட்டுப் பாஸ்போர்ட். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குட்டிப் புத்தகம் கொடுப்பார்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரை குத்துவோம் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேசையில் முத்திரையைப் பிடித்திருப்பது யாருடைய பேத்தி என்பது உன் மனதில் இருக்க வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் சனத்தில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அம்மாயியின் அண்ணன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, அம்மாயிக்கு வரவில்லை. இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சியை, ரயிலை, நம் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொன்னார்கள். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுகை. அண்ணனும் தங்கையும் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்து பிரஜாவுரிமை கிடைத்தது. சின்னப் பிள்ளைகளிடம் இதெல்லாம் வேண்டாம், முத்திரையைக் குத்திச் சிரித்து அனுப்பு. உயர்தர வயதுப் பிள்ளை ஒன்று நின்று பேசினால், ஒப்பாரிக் கோச்சியைச் சொல். இந்தக் குட்டிப் புத்தகத்துக்காக ஒரு குடும்பம் இரண்டாகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

எவ்வளவு சொல்வது என்று நீ பயப்பட வேண்டாம். பிள்ளைகளுக்குக் கேட்டதைவிடக் கையால் செய்ததுதான் நிற்கும். நான் படிப்பித்த காலத்தில் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகக் கண்காட்சிக்கு வேனில் கூட்டிக்கொண்டு போனோம். சுவர் நிறைய உலகப் படங்கள், நாடுகள், கொடிகள். திரும்பி வரும்போது கேட்டேன், ஒருத்தருக்கும் அதில் எதுவும் நினைவில்லை. ஆனால் ஒரு மூலையில் ஒரு மாணவி தூரிகையால் ஜப்பானிய எழுத்தில் பெயர் எழுதிக்கொடுத்தார். நம் பையன் ஒருவன் தன் பெயரை வாங்கிக்கொண்டு, மறுபடி வரிசையில் போய் நின்றான். இந்தத் தடவை அம்மாவின் பெயர். அந்த அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருந்தார். மை காயும்வரை தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே வேனில் வந்தான், மடிக்கவில்லை. பிறகு அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் கொப்பி அட்டைகளிலெல்லாம் வரைந்தான். அந்த மாணவி பிள்ளைகளிடம் மெனக்கெட்டு ஒரு வரலாறும் சொல்லவில்லை. பெயரைக் கேட்டார், காது கொடுத்தார், எழுதினார். உன் மேசையிலும் அப்படி ஒன்று இருக்கட்டும். தமிழில் பெயர் எழுதிக் கொடு, அல்லது இரண்டு குச்சியைக் கையில் கொடுத்துத் தப்பின் அடியைப் பழக்கு.

நீ அனுப்பிய கட்டுரையை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். 1957இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பயந்துபோய் அடுத்த வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது, அந்தப் பணத்தில் பல்கலைக்கழகங்களில் பிறநாட்டு மொழிகளுக்கும் பிராந்தியங்களுக்கும் மையங்கள் எழுந்தன, அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. பயத்தில் போட்ட பணம் கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வந்து சேர்ந்திருக்கிறதே என்று அப்பா சொன்னார். எனக்கு அதைவிடப் பிடித்தது உங்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பழைய தலைவர் சார்ல்ஸ் வான் ஹைஸ் சொன்னது. பல்கலைக்கழகத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் எட்டும்வரை தனக்குத் திருப்தியில்லை என்றாராம், நூறு வருடத்துக்கும் முன்னால்.

அதை வாசித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நம் பிள்ளைகள் கோச்சியில் கண்டிக்குப் போகும்போது பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனான சரசவி உயனவில் இறங்கும் மாணவர்களைப் பார்ப்பார்கள். 1952இலிருந்து பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, நம் லயங்களிலிருந்தும் இப்போது பிள்ளைகள் போகிறார்கள், நீயும் போனாய். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமத்துக் கூத்தைப் பேராதனை மாணவர்களுக்குப் பழக்கி மேடை ஏற்றினார். பல்கலைக்கழகம் கிராமத்தைத் தேடிப் போக முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஆள் இருந்திருக்கிறார். ஆனால் நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் வேறொரு நாட்டு மனிதர் எப்படி வாழ்கிறார் என்று மேசை போட்டுக் காட்ட யாரும் வருவதில்லை. வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள், நம்மைப் படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். நம் பிள்ளையும் உலகத்தைப் பார்க்க வேண்டாமா? மற்றவர்கள் பார்க்கும் பொருளாகவே இருந்துவிட வேண்டுமா?

ஆகவே ஜூன் ஜூலையில் நீ வரும்போது ஒரு பெட்டி கொண்டுவா. என்ன வேண்டும் என்றும் யோசித்துவிட்டேன். லாவோஸிலிருந்து 1975க்குப் பிறகு அகதிகளாக வந்த ஹ்மொங் மக்கள் உங்கள் மாநிலத்தில் நிறைய இருக்கிறார்கள், மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாமுக்கு ஓடிய கதையைத் துணியில் ஊசி நூலால் தைத்திருக்கிறார்கள் என்று போன வருடம் படம் அனுப்பினாயே, அந்தத் துணி ஒன்று. விலை கூடினால் சின்னதாக வாங்கு, நான் பாதி தருகிறேன். நம் பிள்ளைகளுக்கு அந்தத் துணியை விளக்கவே வேண்டியதில்லை. துணியும் நூலும் கொடுத்து ஒப்பாரிக் கோச்சியைத் தைக்கச் சொன்னால் வீட்டுக்குப் போய்ப் பாட்டிகளிடம் கேட்டுக்கொண்டு வருவார்கள். அப்படியே ஹ்மொங் தோழி யாராவது வீடியோவில் நம் பிள்ளைகளோடு பேசச் சம்மதிப்பாளா என்றும் கேட்டுப் பார். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்கிறேன்.

அதிபரிடம் பேசிவிட்டேன், அவருக்கும் ஆசைதான். வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டுமாம், அதனால் எந்தத் தேதி என்பதை ஏப்ரல் முடிவதற்குள் சொல்லிவிடு. ஜூன் ஜூலையில் இங்கே மழை கொட்டும், மண்டபத்தின் ஒரு பக்கம் ஒழுகும். துணியைப் பொலித்தீனில் நன்றாகச் சுற்றிக் கொண்டுவா. மேசைகளை மற்றப் பக்கமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா