மூன்று சீல் மாற்றிய கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையில், முன் சக்கரத்தை இரண்டு குழாய்க் கால்களாகப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால், அதை உள்ளே தடுத்து வைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்றினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதே யோசனையைக் கேட்டுத்தான் நான் ஒரே வருடத்தில் மூன்று முறை மாற்றினேன். "எனக்கு வருசத்துக்கு ஒண்ணு, வண்டிக்கு மூணு சீலையா?" என்று வீட்டில் கேட்டாயிற்று.

வண்டி, அப்பச்சி வாங்கிய 1967 மாடல் புல்லட், திருவொற்றியூர் தயாரிப்பு. கானாடுகாத்தான் வீட்டு வளவில், தாழ்வாரத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் பதினோரு வருடம் சாக்குப் போர்த்தி நின்றது. ஓட்ட எடுத்தபோது, பள்ளத்தூர் வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஹேண்டில்பார் நாலைந்து முறை தலையாட்டும். அப்புறம் ஃபோர்க்கின் வலது காலில் கசிவு. எண்ணெய் வழிந்து பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது என்பதால் அதை விட்டுவைக்கவும் முடியாது.

ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். அது துள்ளாமல் அடக்குவது, ஃபோர்க்குக்குள் சின்னத் துவாரங்கள் வழியே நெருக்கியடித்துப் போகும் எண்ணெய். முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை அழுத்தி விட்டால் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்க வேண்டும். என் வண்டி ஊஞ்சலாடியது. வடித்துப் பார்த்தால் இடது காலில் அரை டம்ளர் கறுப்புத் தண்ணீர், வலதில் நாலு கரண்டி. முதல் மெக்கானிக் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினார். துள்ளல் நின்றது, ஆனால் குழியில் இறங்கினால் கட்டையால் அடித்த மாதிரி தோளில் ஏறியது. கசிவு அப்படியே.

காரணத்தை மறைத்துக்கொண்டிருந்தது அந்தக் கால புல்லட்டில் ஃபோர்க்கை மூடியிருக்கும் தகரக் கூடு. அதைக் கழற்றியதும் உள்குழாயில் கடுகளவு துருக்குழிகள் தெரிந்தன. கண்ணுக்குச் சாதாரணம்தான், நகத்தை ஓட்டினால் சிக்கும். ஃபோர்க் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியின் விளிம்பு சீலின் உதட்டைச் சுரண்டும். புதுச் சீல் என்ன செய்யும், பாவம்.

குழாயை ஒரு பட்டறையில் குரோம் போடக் கொடுத்தேன். சைலன்சருக்குப் போடும் பளபளப்புக் குரோமைக் குழிகளின் மேலேயே போட்டுத் தந்தார்கள். நாலு மாதத்தில் உரிந்தது. தேய்த்துச் சமப்படுத்தி, கடினக் குரோம் ஏற்றி, பழைய அளவுக்கே மறுபடி கிரைண்டிங் செய்ய வேண்டிய வேலை அது. மின்முலாம் பூசுவதையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இருக்கிற காரைக்குடிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு முலாம் விஷயத்தில் ஏமாந்தேன் என்பது தனி வருத்தம்.

கடைசியில் வேறு குழாய் ஒரு ஜோடி கிடைத்தது. வளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சமமான பரப்பு வேண்டும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல்தானே வார்க்கிறார்கள்? தெரிந்த பட்டறையில் ஒரு கண்ணாடியை இரவல் வாங்கி உருட்டிப் பார்த்தேன். ஒன்று நேர். மற்றதன் நடுவில் நூல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு மாற்று வர இரண்டு மாதம் ஆனது.

மாட்டும்போது கற்றது இன்னொன்று. சக்கரத்தின் ஆக்சிலைப் பிடிக்கும் அடிமூடி நட்டுகளை முதலிலேயே இறுக்கிவிட்டால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஃபோர்க் பாதியில் சிக்கும். லேசாக விட்டு, நாலு முறை அழுத்தி எழுப்பி, அப்புறம் இறுக்க வேண்டும். அப்படியும் பிரேக் போட்டால் 'டக்' என்று சத்தம் வந்தால் ஃபோர்க்கைத் திட்டாமல், ஹேண்டில்பார் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன் செட்டைப் பாருங்கள்.

போன தை மாதம் போட்ட சீல் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, சீல் வாங்கப் போகும் முன் தகரக் கூட்டைக் கழற்றிக் குழாயில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் நல்லது.

— புல்லட் வாசகர், கானாடுகாத்தான்