அலாக்பாவின் எலும்பில் ஒரு கிராம் கேட்கிறோம்

நைஜீரியா, ஒக்போமோஷோ அரண்மனைப் பெரியோர்களுக்கு வணக்கம்.

2019 அக்டோபரில் உங்கள் அரண்மனை ஆமை அலாக்பா இறந்தபோது அதன் வயது 344 என்றும், உடலைப் பதப்படுத்தி வைப்போம் என்றும் அறிவித்தீர்கள். வயது உலகம் சுற்றிவிட்டது; சான்று இன்னும் வரவில்லை. ஆமையைக் கொண்டுவந்தவராக நீங்கள் சொல்லும் மன்னர் இசான் ஒகுமொயேடே ஆண்டது 1770 முதல் 1797 வரை. பட்டமேறிய ஆண்டிலேயே கொண்டுவந்திருந்தாலும் 2019 வரை 249 ஆண்டுதான் ஆகிறது. மீதி 95 ஆண்டை எதை வைத்துச் சேர்த்தீர்கள்?

கேட்பது ஒன்றுதான்: எலும்பில் ஒரு கிராமும், ஓட்டுத் தகட்டில் ஒரு சீவலும் ஆய்வுக்குக் கொடுங்கள்.

வயதறிய ஓட்டுத் தகட்டின் வளையங்களை எண்ணிப் பயனில்லை. தீனி நன்றாகக் கிடைத்த ஆண்டில் இரண்டு வளையமும் விழலாம், முதுமையில் எல்லாமே தேய்ந்துவிடும். எலும்பின் வளர்ச்சிக் கோடுகளிலும் பழையவற்றை மஜ்ஜைக்குழி அரித்துவிடுவதால் குறைந்தபட்ச வயதே கிடைக்கும். தகட்டின் நடுப்பகுதி குட்டிப் பருவத்தில் உருவானது. தேயாமல் மிஞ்சியிருந்தால் அதில் காலத்தைக் கணிக்க உதவும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 எவ்வளவு என்று பார்க்கலாம். 1650க்குப் பிந்தைய பொருளுக்கு அந்த முறை துல்லியமான ஆண்டைத் தராது. ஆனால் காற்றில் கார்பன்-14ஐக் கூட்டிய 1950களின் அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் பிறந்ததா, பின் பிறந்ததா என்று சொல்லிவிடும். வார்னிஷ் பூசியிருந்தால் அதன் கார்பனும் மாதிரியில் கலந்துவிடும். ஆகவே எதைப் பூசினீர்கள் என்றாவது எழுதி வையுங்கள்.

வயதைவிட அதிகம் உறுத்துவது, அது மாதம் இருமுறைதான் சாப்பிட்டது என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. படங்களில் தெரிவது சல்காட்டா ஆமை. தினமும் புல் மேயும் இனம். நார் குடலில் புளித்தால்தான் அதற்குச் சத்து. தீனி எதிரில் இருந்தும் பதினைந்து நாள் வாய் வைக்காத சல்காட்டாவுக்குக் குடலடைப்போ சிறுநீர்ப்பைக் கல்லோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆமை வலியில் கத்தாது, தீனியைத்தான் ஒதுக்கும். அதை அதிசயம் என்று பரப்பினால், வீட்டில் இந்த இனத்தை வளர்ப்பவரும் பட்டினியை இயல்பு என்றே நினைப்பார். ஆமை என்றாலே அற்புதம் தேடுகிறார்கள், மருத்துவரைத் தேடுவதில்லை!

செயின்ட் ஹெலினா தீவின் ஜொனாதன் என்ற ஆமை 1882இல் வந்து இறங்கும்போதே முழு வளர்ச்சி பெற்றிருந்தது. 1880களின் புகைப்படமும் இருப்பதால் அதன் வயதைப் பலரும் ஏற்கிறார்கள். உங்களிடமும் பழைய படமோ கணக்கேடோ இருந்தால் வெளியிடுங்கள்.

மாதிரியை உங்கள் அரண்மனையிலேயே, உங்கள் ஆட்கள் முன்னிலையில் எடுக்கலாம். ஓட்டின் உட்புறத்தில் எடுத்தால் எலும்பு எடுத்த இடம் வெளியே தெரியாது. அருள்கூர்ந்து அந்த ஒரு கிராமுக்கு அனுமதி தாருங்கள்.