டீசல்காரன் மகளுக்குப் பெட்ரோல் வண்டி

அம்மணி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் படித்துக் காட்டிய புது பிக்கப் வண்டியின் ஆப்ஷன் பட்டியலை அம்மா பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். நாலு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீசலா பெட்ரோலா என்று நீ கேட்டதுமே யோசிக்காமல் "டீசல்தான், இதில் என்ன கேள்வி" என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. வெள்ளிக்கிழமைக்குள் டீலரிடம் சொல்ல வேண்டும் என்றாய், அதனால் இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணு. போனில் பேசினால், மாட்டு டாக்டரான உனக்குப் பாதியில் மாடு பார்க்கப் போன் வந்துவிடும்.

நான் ஏன் உடனே டீசல் என்றேன் என்று உனக்குத் தெரியும். நாமக்கல்லில் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டிச் சாப்பிட்டவன், டீசல் வாசனையில்தான் உன்னைப் படிக்க வைத்தேன். நீ ராம் வண்டியில் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் வருகிறது என்று சொன்னபோது எனக்கு ஒரு சந்தோஷம். 1989-ல் அமெரிக்காவில் டாட்ஜ் ராம் பிக்கப்பில் போட்ட அந்த 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் குடும்பம்தான் பிற்பாடு ஜாம்ஷெட்பூரில் டாடா லாரிக்குத் தயாரானது. நம் பத்துச் சக்கர வண்டியில் நீ சின்னப் பிள்ளையாக ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தாயே, அதில் இருந்தது அதுதான். அந்தப் பாசத்தில் வாய் முந்திக்கொண்டது. ஆனால் என் லாரி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் நாக்பூர் தாண்டித்தான் ஆஃப் ஆகும். உன் வண்டி அப்படியா ஓடப் போகிறது?

உன் ஒரு நாளை நீயே சொன்னதை வைத்து எழுதிப் பார்த்தேன். கொலராடோவில் உன் க்ரீலி ஊரிலிருந்து விடிகாலை 4 மணிக்குக் கிளம்புகிறாய். பத்து மைல் தள்ளி ஒரு பண்ணையில் கன்று திரும்பிக் கிடக்கிறது. வண்டியை ஆஃப் பண்ணாமல், லைட்டுக்கும் ஹீட்டருக்கும் மருந்து உறையாமல் இருப்பதற்குமாக ஒன்றரை மணி நேரம் அப்படியே ஓட விடுகிறாய். அங்கிருந்து ஆறு மைலில் இன்னொரு பண்ணை, பிறகு ஏழு மைலில் ஒரு பால் பண்ணை, மறுபடி ஐட்லிங். வாரத்துக்கு ஒருநாளோ இரண்டு நாளோ மாட்டை அசையாமல் நிறுத்துகிற கூண்டு, அந்தச் சக்கரம் வைத்த டிராவிஸைப் பின்னால் மாட்டி இழுக்கிறாய். மற்ற நாளெல்லாம் பாரம் முதுகில்தான், இழுவையில் இல்லை. இப்படி ஓடும் வண்டிக்கு இன்றைய டீசல் எஞ்சின் ஒத்து வராது. பழைய டீசல் வந்திருக்கும். இன்றையது வராது.

காரணம் புகைக்குழாயில் இருக்கிறது. அமெரிக்காவில் 2007-க்குப் பிறகு வந்த டீசல் பிக்கப்புகளில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. அதில் சேர்ந்த கரி எரிந்து போக வேண்டுமென்றால் உள்ளே 550, 600 டிகிரி சூடு வர வேண்டும். ஹைவேயில் பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓடினால் அது பாட்டுக்கு எரிந்துவிடும். ஐட்லிங்கில் அந்தச் சூடு வரவே வராது, கரி மட்டும் சேரும். அப்போது கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைத் தெளித்து வலுக்கட்டாயமாகச் சூடாக்கும். அது பாதியில் இருக்கும்போது நீ பண்ணை வந்துவிட்டது என்று சாவியைத் திருப்பிவிட்டால், எரியாத டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கி ஆயில் நீர்த்துப் போகும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் விளக்கு எரியும், பிறகு வண்டி இழுக்க மறுக்கும்.

இதைப் பட்டு உணர்ந்துதான் சொல்கிறேன். பெரிய வண்டிகளை விற்ற பிறகு முட்டை லோடுக்கு என்று அதே வடிகட்டி உள்ள பிஎஸ்6 மினி லாரி ஒன்று எடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி பெயர் வேண்டாம், வண்டி மேல் குறையும் இல்லை. கோழிப்பண்ணையில் ஏற்றி, ஊருக்குள் கடை கடையாக நிறுத்தி நிறுத்தி இறக்குகிற வேலை. நாள் முழுக்க 40 கிலோமீட்டர் தாண்டாது. எட்டு மாதத்தில் டிபிஎஃப் அடைத்து மோகனூர் ரோட்டில் முட்டையோடு நின்றது. கொண்டு போய்ச் சுத்தம் பண்ணினோம், மறுபடி அடைத்தது. பட்டறையில் இருந்த பையன்தான், "அண்ணா, இதை வாரத்துக்கு ஒருநாள் சேலம் வரைக்கும் சும்மா ஓட்டிட்டு வாங்க" என்றான். சும்மா ஓட்டுவதற்கு டீசல் யார் கொடுப்பது? டீசலைக் கரைத்துக் குடித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த நான் அந்த வண்டியை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன். எஞ்சின் நல்ல எஞ்சின்தான், நான் கொடுத்த வேலைதான் தப்பு.

அப்புறம் குளிர். டீசல் புகையைச் சுத்தம் பண்ண டெஃப் என்று ஒன்று ஊற்ற வேண்டுமே, இங்கே டிரைவர்கள் யூரியா என்றே சொல்கிறார்கள். அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். டேங்கில் ஹீட்டர் இருக்கிறது, சமாளிக்கும், ஆனால் சமாளிக்க வேண்டிய பொருள் ஒன்று கூடுகிறது. கடுங்குளிரில் டீசலே மெழுகு கட்டும். டீசல் எஞ்சின் சூடேறி கேபினுக்குள் வெப்பக்காற்று வர நேரமாகும், கை மரத்துப்போய் வந்து உட்காரும் உனக்கு அது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கரி எரியும் நேரத்தில் வண்டியைக் காய்ந்த புல் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நீ நிறுத்துவதே வைக்கோலும் காய்ந்த தீவனமும் கிடக்கிற இடத்தில்.

சரி, காசுக்கு வருவோம். டீசலுக்குக் கூடுதலாகச் சுமார் 10,000 டாலர் என்றாய். இந்த வகைக் கனமான வண்டிகளுக்கு அங்கே அரசாங்க மைலேஜ் ஸ்டிக்கர் கிடையாது, 8,500 பவுண்டுக்கு மேலான எடைப் பிரிவு என்பதால் விட்டுவிடுகிறார்கள். அதனால் நானே தோராயமாகப் போட்டேன்: பெட்ரோலுக்குக் கேலனுக்கு 12 மைல், டீசலுக்கு 16. வருஷம் 20,000 மைல் ஓடினால், நீ சொன்ன விலைப்படி, பெட்ரோல் 3 டாலர் என்றால் 5,000 டாலர் ஆகிறது. டீசல் 3.75 என்றால் 4,687. மிச்சம் 313 டாலர். அந்த 10,000 திரும்பி வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும். டெஃப், இரண்டு டீசல் ஃபில்டர், கூடுதல் ஆயில், இதையெல்லாம் நான் சேர்க்கவே இல்லை. விற்கும்போது டீசல் வண்டிக்கு நல்ல விலை வரும், அது உண்மை. ஆனால் நீ வண்டியை விற்கிற ஜாதி இல்லை, ஓட்டி ஓட்டித் தேய்க்கிற ஜாதி, என்னை மாதிரி.

இதைவிட முக்கியமானது எடை, இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ பார்க்கிற ஃபோர்டு எஃப்-250-ன் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. வண்டியின் சொந்த எடை போக மீதிதான் உன் பாரம். டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடச் சில நூறு பவுண்டு கூடுதல், அந்த எடை முழுக்க உன் பாரத்திலிருந்துதான் கழியும். வெட் பாக்ஸ் என்கிற மருந்து, கருவிப் பெட்டி, அதில் தண்ணீர் டேங்க், எக்ஸ்ரே, ஸ்கேன் மெஷின், விந்து குச்சி வைக்கிற நைட்ரஜன் கேன், கன்று இழுக்கிற ஜாக்கி, நீ, உன் உதவிப் பெண், இத்தனையும் ஏற்றிய பிறகு டிராவிஸை மாட்டினால் அதன் எடையில் பத்து, பதினைந்து சதவீதம் கொக்கியில் வந்து அமரும். அதுவும் பாரம்தான். எழுதிக் கூட்டிப் பார். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரில் அந்த வண்டிக்கு எவ்வளவு தாங்கும் என்று அச்சடித்திருக்கும், விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாதே. எஞ்சினில் மிச்சம் பிடிக்கிற காசில் கொஞ்சத்தைப் போட்டு எஃப்-350 எடு, பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ளதே போதும். ஸ்பிரிங் பட்டையும் எடை வரம்பும் கூடுதலாகக் கிடைக்கும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஓவர்லோடு ஏற்றி பிரேக் பிடிக்காமல் தவித்த இரவுகள் எனக்கு உண்டு, உனக்கு வேண்டாம்.

பெட்ரோலிலும் இரண்டு இருக்கிறதே என்பாய். 6.8 லிட்டர் 405 குதிரைத்திறன், 7.3 லிட்டர் 430. டார்க், அதாவது முறுக்கு விசை, 445-க்கு 485 பவுண்டு-அடி. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், 7.3-ன் ஸ்ட்ரோக்கைக் குறைத்துத்தான் 6.8 செய்தார்கள். 7.3-ஐ எடு. வார்ப்பிரும்பு பிளாக், நடுவில் ஒரே கேம், புஷ் ராடு, டர்போ கிடையாது, பெட்ரோல் வால்வுக்கு முன்னால் தெளிக்கிற பழைய முறை. பிரித்துப் பார்த்தால் ஊர் மெக்கானிக்குக்கும் புரிகிற எஞ்சின். அதோடு உன் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர், நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் கம்மி. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போல மூச்சை இழக்கும். அந்த உயரத்தில் 430 என்பது 370 ஆகிவிடும், அதனால்தான் பெரியதைச் சொல்கிறேன். ஆக்சில் விகிதம் 4.30 கேள், 3.73 வேண்டாம்; எண் கூடினால் இழுவை கூடும். பத்து கியர் இருப்பதால் ஹைவேயில் எஞ்சின் ரொம்பக் கத்தாது, சேற்றில் டிராவிஸோடு கிளம்பும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

எதை இழக்கிறாய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபோர்டின் அந்த 6.7 லிட்டர் டீசலின் டார்க் 1,050, ஹை அவுட்புட் என்றால் 1,200. பெட்ரோல் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. உன் பக்கத்து மலையில் ஐ-70 ரோட்டில் ஐசனோவர் குகைப்பாதை 11,000 அடிக்கு மேல். வாரா வாரம் 15,000 பவுண்டு குதிரை டிரெய்லரை இழுத்துக்கொண்டு அதில் ஏறி இறங்குகிறவளாக நீ இருந்தால் டீசலைத் தவிர வேறு வாங்காதே என்பேன். ஏற்றத்துக்காக மட்டும் இல்லை, இறக்கத்தில், புகைவழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் உயிரைக் காக்கும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூடாகி உருண்டு கிடந்த வண்டிகளை நான் பார்க்காத வருஷம் இல்லை. உன் சீனியர் டாக்டர் டீசல் எடு என்கிறாரே, அவர் குதிரை டிரெய்லர் இழுக்கிறவர், அவர் வேலைக்கு அவர் சொல்வது சரி. எப்போதாவது மலைக்கு டிராவிஸ் கொண்டு போக நேர்ந்தால் கியரைக் குறைத்து மெதுவாக இறங்கு, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

செவர்லேயில் 6.6 லிட்டர் பெட்ரோல், 401 குதிரைத்திறன், அதுவும் மோசமில்லை. டீலர் பக்கத்தில் இருந்து விலை படிந்தால் அதையும் பார். ராம் 6.4 ஹெமியின் டார்க் 429-தான், அந்த உயரத்துக்கு என் மனசு ஒப்பவில்லை.

எதை எடுத்தாலும் ஆயிலை மைல் பார்த்து மாற்றாதே, மணி பார்த்து மாற்று. ஐட்லிங் எத்தனை மணி நேரம் என்று டிஸ்ப்ளேயிலேயே காட்டும். ஒரு மணி ஐட்லிங்கை 25 மைல் ஓடியதாகக் கணக்கு வைத்துக்கொள். குளிரில் எஞ்சினைச் சூடாக வைக்கிற பிளாக் ஹீட்டரை ஆர்டரிலேயே சேர்த்துவிடு. வெட் பாக்ஸ் லைட்டுக்கு அந்தக் கூடுதல் சுவிட்சுகளையும் பெரிய ஆல்டர்னேட்டரையும் சேர். பிறகு வெளியில் ஒயர் இழுத்தால் எலி கடித்த மாதிரி ஆகிவிடும்.

அங்கே மாட்டு டாக்டர் லைசென்ஸ் வாங்க நீ எத்தனை பரீட்சை எழுதினாய், எத்தனை ராத்திரி அழுதாய் என்று எனக்குத் தெரியும். அதெல்லாம் முடிந்து உன் பெயரில் வாங்குகிற முதல் வண்டி இது. வெட் பாக்ஸ் எடை, தண்ணீர் எத்தனை லிட்டர், டிராவிஸ் எடை, மூன்றையும் எடை போட்டு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, நானும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறேன். வெள்ளை கலர் எடு என்று அம்மா சொல்லச் சொன்னாள், இருட்டில் தெரியுமாம்.

அப்பா