எலி செல்லைப் பத்திரமா வெக்க நெல்லையில ஒரு இடம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லேப் தட்டுலயே செல்லை (உடம்போட உயிரணுவை) வளக்க முடியும்போது இன்னும் ஏன் லேப்ல எலியைக் கொல்லுதாங்கன்னு உங்க பேப்பர்ல ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. நியாயமான கேள்விதான். பாளையங்கோட்டைப் பக்கம் செல் கல்ச்சர்ல ஆராய்ச்சி பண்ணுற மாணவி நான், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

தட்டுல வளருற செல் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. ஹீலான்னு ஒரு செல் ரகம் 1951லேருந்து பெருகிக்கிட்டே இருக்கு, ஆனா அது புத்துநோய் செல், நல்ல செல் மாதிரி நடந்துக்காது. உடம்புலேருந்து நேரா எடுக்குற பிரைமரி செல்தான் நெசத்துக்குக் கிட்ட வரும். நான் பாக்குற எலி மண்ணீரல் ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது நார் உண்டாக்குற செல், அந்த ரகம். மண்ணீரல் பழைய ரத்த அணுவை வடிகட்டும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், அதுக்குள்ள இந்த வகை செல்லுங்க கொலாஜன் நாரால வலை பின்னி வெச்சிருக்கு, நோயை எதிர்க்குற வெள்ளை அணுவான டி செல்லுங்க அந்த வலையைப் புடிச்சுத்தான் தன்னோட இடத்துக்குப் போகுது, அதுகளைக் கூப்பிடுற சிசிஎல்19, சிசிஎல்21ங்கிற புரதத்தையும் இந்த வலை செல்லுங்கதான் விடுது. நோய் எதிர்ப்பு சக்தியைப் படிக்கிறவங்களுக்கு இது பொக்கிஷம்.

எடுக்குறது பெரிய வித்தை இல்ல. மண்ணீரலைப் பொடிசா நறுக்கி, கொலாஜனைக் கரைக்குற கொலாஜினேஸ் என்சைம்ல கரைய விட்டு, வடிகட்டி, 37 டிகிரியில 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுல வெப்போம். ரத்த அணு பெரும்பாலும் மிதக்கும், மீடியத்தை (செல்லு வளருற சத்துத் தண்ணியை) மாத்தும்போது போயிரும், ஃபைப்ரோபிளாஸ்ட் அடியில ஒட்டிக்கிட்டு ரெண்டு முனையும் கூரா நீண்டு வளரும், மைக்ராஸ்கோப்ல பாக்கும்போது அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

கஷ்டம் என்னன்னா இதுகளுக்கு ஆயுசு கம்மி. சாதாரணக் காத்துல இருக்குற ஆக்சிஜனே எலி ஃபைப்ரோபிளாஸ்டுக்கு அதிகம், 3 சதவீதத்துல வெச்சா நல்லா பெருகுதுன்னு 2003லயே காட்டிட்டாங்க, ஆனா ஆக்சிஜனைக் குறைச்சு வெக்கிற இன்குபேட்டருக்கு எங்கள மாதிரி லேப் எங்க போகும்? அதனால இளசா இருக்கும்போதே உறையும்போது செல்லு சாகாம காப்பாத்துற டிஎம்எஸ்ஓ கலந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல போட்டுரணும். எங்க லேப்ல அந்த டேங்க் இல்ல. மிச்ச செல்லு குப்பைக்குப் போகுது, அடுத்து வர்ற மாணவருக்கு இன்னொரு எலி சாகுது. எனக்கு மனசு ஆறல. ஆராய்ச்சிக்கு எடுக்குற விலங்கோட எண்ணிக்கையைக் குறைங்கன்னு 1959லயே ரசல், பர்ச்னு ரெண்டு விஞ்ஞானிங்க எழுதிட்டாங்க.

நைட்ரஜன் நமக்குப் புதுசும் இல்ல. மாட்டாஸ்பத்திரியில சினை ஊசிக்கு வெச்சிருக்கிற கேனைத் திறந்தா வெள்ளையா புகை வழியுமே, அதேதான். புனேல இருக்குற தேசிய செல் அறிவியல் மையம் (என்சிசிஎஸ்) நாட்டுக்கே செல் சேமிச்சுக் குடுக்குது. அந்த மாதிரி சின்ன அளவுல அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துலயோ ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலயோ ஒரு பொது சேமிப்பு வரட்டும். எந்த எலி ரகம், எத்தனாவது பாசேஜ்னு (எத்தனை தடவை புதுத் தட்டுக்கு மாத்துனதுன்னு) லேபிள் ஒட்டி, செல்லைக் கெடுக்குற மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணி வெச்சா ஒரு எலி செல்லைப் பல காலேஜ் பிரிச்சுக்கலாம். உங்க நிருபர் ரெண்டு இடத்துலயும் கேட்டு எழுதினாங்கன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி, பாளையங்கோட்டை