9.8 வந்தே ஆக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்முறைத் தேர்வுகள் நெருங்கும் இவ்வேளையில், மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் பல்லாண்டுகளாகக் கண்டும் காணாமலும் விடப்பட்டுவரும் ஒரு பழக்கத்தைப் பற்றி, அதாவது எதிர்பார்த்த விடை வரும்படி அளவீடுகளை மாற்றி எழுதுவதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தியின் இயற்பியல் நோட்டைச் சென்ற வாரம் புரட்டினேன். புவியீர்ப்பு முடுக்கத்தை (பாடநூல் மதிப்பு 9.8 மீ/வி²) கண்டறியும் தனி ஊசல் சோதனையில், 20 அலைவுகளுக்கு ஆன நேரத்தைப் பென்சிலால் எழுதி, அழித்து, அதன்மேல் வேறு எண்களை எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "எனக்கு 10.8 வந்தது தாத்தா, 9.8 வர்ற மாதிரி மாத்தி எழுதச் சொல்லிட்டாங்க" என்றாள். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை நிரப்பியிருக்கிறாள். அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கிறது.

அழிக்கப்பட்ட அந்த 10.8-ஐத்தான் ஆசிரியர் உட்கார்ந்து விசாரித்திருக்க வேண்டும். ஊசலை விடும்போது 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்காமல் 'ஒன்று' என்று தொடங்கினால், இருபது என்று சொல்லி முடிக்கையில் 19 அலைவுகள்தாம் ஆகியிருக்கும். அதற்கான நேரத்தை 20-ஆல் வகுத்தால் ஓர் அலைவின் நேரம் குறைவாகக் கிடைக்கும்; அந்த அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம் என்பதால், சென்னையில் 9.78 வரவேண்டிய புவியீர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 10.8 என்றே வந்து நிற்கும். நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்திக்கொண்டாலோ, விடை சற்றுக் குறையும். தவறிய விடையே எந்த இடத்தில் தவறினோம் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது; அதை ரப்பரால் அழித்துவிட்டால் துப்புத் துலக்க என்ன இருக்கிறது? அன்று மாலையே பால்கனிக் கம்பியில் ஒரு பூட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பூஜ்யத்திலிருந்து எண்ணச் சொன்னேன். 9.7 வந்தது. பூட்டின் மையம் எங்கே என்று அவளே கேட்க ஆரம்பித்தாள்.

இதில் பிறரைக் குறைசொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது, 9.8-ஐ விட்டு விலகிய நோட்டுகளில் சிவப்பு மையால் சுழித்தவன்தான் நானும். ஐம்பது மாணவர், ஆறு ஊசல், இரண்டு பாடவேளை என்றிருக்கையில் காரணம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது?

ஒத்துவராத அளவீட்டை மதித்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு கூறியிருந்தார். மெரினாவுக்கு எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் பயின்ற சி.வி. இராமன், 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில், நிகோல் பட்டகம் என்னும் ஒளியை வடிகட்டும் படிகக் கருவியின் வழியே நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை. அத்தனை பெரியவர் சொன்னதற்கு ஒத்துவரவில்லையே என்று அவர் தம் ரீடிங்கை மாற்றி எழுதவில்லை. அவருடைய 1928-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பை நினைவுகூரும் பிப்ரவரி 28-இல் நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் நடக்கின்றன என்பது வேறு கதை.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இரண்டு. செய்முறைத் தேர்வில் இறுதி விடைக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, விடை ஏன் விலகியது என்று மாணவர் தம் அளவீடுகளைக் கொண்டே எழுதும் விளக்கத்துக்கு மாற்றலாம். எழுத்துத் தேர்விலும், ஐந்து அளவீடுகள் கொண்ட அட்டவணையைக் கொடுத்து, அவற்றுள் எதைச் சந்தேகிப்பாய், ஏன் என்று ஒரு கேள்வியாவது கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மேற்கு மாம்பலம், சென்னை-33