முதல் கலத்திலேயே கொடுத்துவிடுங்கள்

விண்கல விளையாட்டுகளை வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

என் அப்பாவுக்கு 68 வயது. மூன்று வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் சொன்னபடி கேட்கும். மற்ற மூன்றும் பாதிதான் மடங்கும். சின்ன வயதிலிருந்தே வானம் பார்க்கிற பழக்கம் அவருக்கு. நான் ஒரு கணினி விளையாட்டில் விண்கலம் ஓட்டுவதை ஒரு மாதமாகப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் "நகருடா, நான் ஓட்டிப் பார்க்கிறேன்" என்றார்.

கிளம்புவதில் சிக்கல் எதுவும் இல்லை. சரக்கை ஏற்றிக்கொண்டு, ஒரு கிரகத்தை அரைவட்டம் சுற்றி, இறக்க வேண்டிய நிலையம்வரை நன்றாகவே போய்ச் சேர்ந்தார். நிலையம் தன் அச்சில் சுழன்றுகொண்டிருந்தது. அதன் நடுத்தூணில் ஒரு சதுர வாசல், அதுவும் கூடவே சுழலும். உள்ளே நுழைய வேண்டுமென்றால் ஒரு விரல் கலத்தை அதே வேகத்தில் உருட்ட வேண்டும், இன்னொரு விரல் மூக்கை நேராக வைத்திருக்க வேண்டும், மூன்றாவது விரல் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்றும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். எரிபொருள் வேறு குறைந்துகொண்டே வரும். பதினோரு தடவை விளிம்பில் மோதினார். அப்புறம் கன்ட்ரோலரை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, "இது என் கைக்கு ஆகாதுப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த விளையாட்டில் கலத்தைத் தானாக உள்ளே கொண்டுபோகும் சாதனம் இருக்கிறது. கடையில் விற்கிறார்கள். வாங்கக் காசு வேண்டும். காசு வர வேண்டுமென்றால் சரக்கை இறக்க வேண்டும். இறக்க வேண்டுமென்றால் அந்த வாசலுக்குள் போக வேண்டும்.

அந்தச் சாதனம் யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்கு மட்டும் அது எட்டாது. உங்களிடம் நேராகக் கேட்கிறேன். டாக்கிங் (கலத்தை நிலையத்தோடு இணைப்பது), தரையிறக்கம், வேகத்தைச் சமப்படுத்துவது, திசையைப் பிடித்து நிறுத்துவது ஆகிய தானியங்கி வசதிகள் எல்லாம் முதல் கலத்திலேயே, முதல் நிமிடத்திலேயே, காசில்லாமல், சரக்கு வைக்கும் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கட்டும். வேண்டாம் என்பவர் ஒரே பட்டனில் அணைத்துக்கொள்ளலாம்.

உதவியை விலைக்கு விற்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1984ல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய எலைட்டில், கையில் 100 கிரெடிட்டோடு தொடங்குவோம். டாக்கிங் கம்ப்யூட்டரின் விலை 1,500 கிரெடிட். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினியில் எட்டு விண்மீன் மண்டலங்களை அடக்கிய விளையாட்டு அது. சுழலும் நிலையத்துக்குள் முதல் தடவை உரசாமல் நுழைவதே அதில் பெரிய சாதனை, அந்தச் சாதனத்தை வாங்குவது அதற்கான பரிசு. அன்றைக்கு அது சரி. இன்றைக்கு நீங்கள் செய்யும் விளையாட்டில் அந்த வாசலுக்கு அப்பால் நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்கு இடங்களும் கதைகளும் இருக்கின்றன. அவ்வளவையும் உழைத்துச் செய்துவிட்டு, வாசலில் விரல்களுக்கு ஒரு பரீட்சை வைத்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள்.

"கையால் ஓட்டினால்தான் அது ஓட்டுவது" என்று என்னோடு சேர்ந்து விளையாடுகிறவர்களே சொல்வார்கள். அந்த உணர்வு எனக்கும் உண்டு. நான் பெரும்பாலும் உதவிகளை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். இயந்திரத்தை நிறுத்தியபின் கலம் பாட்டுக்கு மிதந்து போய்க்கொண்டிருக்க, மூக்கை மட்டும் பின்பக்கம் திருப்பி, வந்த வழியைப் பார்த்தபடியே போவதில் உள்ள சுகம் வேறெதிலும் கிடைக்காது. அதை யாரிடமிருந்தும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் கையால் ஓட்டுவது என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கையால் ஓட்டியதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1969 ஜூலை 20, அப்பல்லோ 11. கணினி கலத்தைப் பாறைகள் நிறைந்த ஒரு பெரிய பள்ளத்தின் பக்கம் கொண்டுபோனது, ஆம்ஸ்ட்ராங் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து, தாண்டிப் போய் இறக்கினார். உண்மைதான். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது எது? கடைசிக் கட்டத்தில் ஓடிய நிரலின் பெயர் பி66. அதில் கீழே இறங்கும் வேகத்தைக் கணினிதான் பிடித்துவைத்திருந்தது. அவர் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினால் அந்த வேகம் நொடிக்கு ஓர் அடி கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். கைப்பிடியைச் சாய்த்தால், சுற்றியிருந்த 16 த்ரஸ்டர்களில் (கலத்தைத் திருப்பும் சிறு உந்துபொறிகளில்) எது எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொண்டது. எங்கே இறங்குவது என்பதை மட்டும் அவர் முடிவு செய்தார். நிலாவில் இறங்கிய ஆறு அப்பல்லோ கலங்களும் இப்படித்தான் இறங்கின. அவர்கள் யாரும் கலம் ஓட்டவில்லை என்று எவரும் சொல்வதில்லை.

உதவியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை உண்டு. 1965 ஜூனில் ஜெமினி 4 என்ற அமெரிக்க விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன் ராக்கெட்டிலிருந்து கழன்று மிதந்த இரண்டாம் அடுக்கின் அருகே போக முயன்றார். தேர்ந்த போர் விமானி அவர். இலக்கை நோக்கி மூக்கைத் திருப்பி உந்தினார். நெருங்குவதற்குப் பதில் விலகித்தான் போனார். சுற்றுப்பாதையில் முன்னோக்கி உந்தினால் பாதை உயரும், உயரப் போனால் கலம் மெதுவாகும். முன்னால் போகிறதைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். பூமியில் பழகிய கைக்கு இது தலைகீழ். எரிபொருள் வீணானதுதான் மிச்சம், கைவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ரேடாரும் கணினியும் துணையாக இருக்க, வால்டர் ஷிரா ஜெமினி 6ஏ கலத்தை ஜெமினி 7க்கு ஓரடி தூரம்வரை கொண்டுபோய் நிறுத்தினார். ஆறு மாதத்தில் மனிதக் கைகள் மாறிவிடவில்லை.

இன்னொரு ஜோடி சம்பவங்களையும் சொல்ல வேண்டும். ஒரு வடிவமைப்பாளர் இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1985 ஜூனில் சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட் 7 மின்சாரம் இல்லாமல் செத்துக் கிடந்தது. பதில் சமிக்ஞை எதுவும் வராததால் தானியங்கி டாக்கிங்குக்கு வழியில்லை. விளாதிமிர் ஜானிபெகோவ் சோயுஸ் டி-13 கலத்தைக் கையாலேயே கொண்டுபோய் இணைத்தார். தூரத்தை அளக்க அவர்களிடம் கையடக்க லேசர் கருவி இருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1997 ஜூன் 25 அன்று, ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் வசிலி சிப்லியெவ் ஏழு டன் எடையுள்ள புரோகிரஸ் சரக்குக் கலத்தைத் தொலைவிலிருந்து கையால் ஓட்டி இணைக்கும் சோதனையைச் செய்தார். ரேடாரை அணைத்திருந்தார்கள். எவ்வளவு தூரம், என்ன வேகம் என்ற எண்கள் அவருடைய திரையில் இல்லை. மேகங்கள் பின்னணியில் ஓடும் ஒரு கேமரா படத்தை வைத்து அவர் ஊகிக்க வேண்டியிருந்தது. கலம் நிலையத்தின் ஸ்பெக்டர் பகுதியில் மோதி ஓட்டை போட்டது. உள்ளிருந்தவர்கள் வாசல் வழியே ஓடிய கேபிள்களை அவிழ்த்தும் அறுத்தும், அந்தப் பகுதியை மூடி உயிர் தப்பினார்கள்.

இரண்டு பேரும் அனுபவசாலிகள், இரண்டு பேரும் கையால்தான் ஓட்டினார்கள். சிப்லியெவிடம் இல்லாதது தகவல். நீங்கள் தரும் முதல் உதவி அதுவாக இருக்கட்டும். இலக்கோடு ஒப்பிட்டால் நான் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறேன் என்பதைப் பெரிய எண்ணில் காட்டுங்கள். பல விளையாட்டுகளில் இது ஒரு மூலையில் சிறு எழுத்தில் கிடக்கும், அல்லது மேம்பட்ட சென்சார் என்ற பெயரில் கடையில் தொங்கும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரியவைத்ததும் அப்பாதான். 2020ல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் தன் டிராகன் கலத்தைச் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைத்துப் பழக ஒரு பயிற்சியை இலவசமாக வெளியிட்டது. பிரவுசரிலேயே ஓடும். அதில் ஆட்டோபைலட் கிடையாது, முழுக்கக் கையால்தான். ஆனால் ஒவ்வொரு அச்சுக்கும் தனி எண், தனி பட்டன். எண்களை எல்லாம் 0.2க்குக் கீழே கொண்டுவந்து மெதுவாக அணுக வேண்டும். அவசரமே இல்லை. அப்பாவை அதன்முன் உட்காரவைத்தேன். ஒரே விரலால் தட்டினார். தட்டிவிட்டுக் காத்திருப்பார், எண்ணைப் பார்ப்பார், எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. நாற்பது நிமிடம் ஆனது. இரண்டாவது முயற்சியில் இணைத்துவிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை.

அப்படியென்றால் அவருக்கு ஓட்டத் தெரியும். மூன்று அச்சுகளை ஒரே நொடியில் பிடிக்கும் விரல்கள்தான் அவரிடம் இல்லை. எல்லாவற்றையும் தானே செய்துவிடும் ஒரு பட்டன், ஒன்றுமே செய்யாத இன்னொரு பட்டன் என்று இரண்டை மட்டும் கொடுக்காதீர்கள் என்று கேட்பது இதனால்தான். உதவியைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். சுழற்சியை மட்டும் கணினி பார்த்துக்கொள்ளட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அல்லது வேகம் மட்டும் அதன் பொறுப்பு. இதை நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2019ல் வந்த அவுட்டர் வைல்ட்ஸில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் கலத்தின் வேகம் இலக்கின் வேகத்தோடு சமமாகும். என் பார்வையில் இந்த வகை விளையாட்டுகளில் வந்த ஆகச் சிறந்த உதவி அதுதான். எங்கே, எப்போது, எந்தப் பக்கமிருந்து என்பதெல்லாம் அப்போதும் நம் கையில்தான் இருக்கும். அதே விளையாட்டின் ஆட்டோபைலட் நேர்கோட்டில் போகும். நடுவில் சூரியன் இருந்தால் சூரியனுக்குள்ளேயே போய்விடும். ஒரு தடவை பட்டவர் அடுத்த தடவை பாதையைப் பார்க்காமல் பட்டனைத் தொடமாட்டார்.

உதவி இருந்தால் யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. ராக்கெட் கட்டி ஏவும் விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் ராக்கெட்டை 70 கிலோமீட்டர் உயரத்தில் காற்றுமண்டலம் முடியும்வரை நேராக மேலே ஏற்றி, அப்புறம்தான் பக்கவாட்டில் திருப்புவேன். சுற்றுப்பாதைக்கு எரிபொருள் போதாது. மெக்ஜெப் என்ற துணை நிரலைப் போட்டு, அது ஏற்றுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ராக்கெட் லேசாகச் சாயத் தொடங்கியது. 10 கிலோமீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட பாதி சாய்ந்துவிட்டது. மேலே போனபோது பக்கவாட்டு வேகம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. மூன்றாம் நாள் அதை அணைத்துவிட்டு நானே ஏற்றினேன். நன்றாக ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருந்தது. அதனால் உங்கள் தானியங்கி என்ன செய்யப்போகிறது என்பதைத் திரையில் முன்கூட்டியே காட்டட்டும். எந்த த்ரஸ்டர் எரிகிறது, அடுத்து எப்போது வேகம் குறையும் என்று தெரிந்தால் பார்க்கிறவர் கற்பார். நடுவில் கைப்பிடியைத் தொட்டால் ஒரு குலுக்கலும் இல்லாமல் என்னிடம் விட்டுவிட வேண்டும், விட்டால் மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவரோடு ஒருவர் மோதும் போட்டிகளுக்குத் தனி விதி வைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பலர் ஒரே உலகில் விளையாடும் ஈவ் ஆன்லைனின் ஆட்டோபைலட், அடுத்த மண்டலத்துக்குப் போகும் வாயிலுக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே கொண்டுபோய் விட்டுவிடும், மீதித் தூரம் கலம் ஊர்ந்து போக வேண்டும், கொள்ளையர்கள் அங்கே காத்திருப்பார்கள். ஆள் இல்லாமலே கலங்கள் ஓடிக் காசு சேர்க்கக் கூடாது என்றால் அப்படி ஒரு விலை இருக்கலாம். தனியாக விளையாடுகிறவருக்கு எந்த விலையும் வேண்டாம். உதவியோடு இறங்கினால் கூலி குறைவு என்று வைக்காதீர்கள். கையால் ஓட்டத் தெரிந்தவர் தானியங்கியைவிடச் சீக்கிரம் இறங்குவார், அந்த லாபம் அவருக்குப் போதும்.

2023ல் வந்த ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்டில் கண் தெரியாதவர்கள் ஒலியை வைத்துக் கார் ஓட்ட வசதி செய்தார்கள். வளைவுகள் நிறைந்த பந்தயத்தில் அது முடிகிறது என்றால், திறந்த வெளியில் மெதுவாக மிதக்கும் கலத்தில் ஏன் முடியாது?

அப்பா இப்போது அந்த விளையாட்டை ஓட்டுகிறார். நிலையத்துக்கு 2 கிலோமீட்டர் முன்னால்வரை கையால் வருவார், ஒரு வட்டம் அடித்து வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பார், அப்புறம் சாதனத்தைத் தட்டிவிட்டு, சுவர் விளக்குகள் சுற்றிச் சுற்றி வந்து நேராக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சாதனத்தை வாங்குவதற்காக நான் இரண்டு இரவு அவருடைய கணக்கில் நுழைந்து சரக்கு ஓட்டினேன். முதல் சரக்கைத் தானே இறக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. நான் இறக்கிவிட்டேன்.

அன்புடன்,
இருபது வருடமாகக் கலம் ஓட்டும் ஒருவன்