மூலப் பிரதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் உள்ள தந்திரக் காட்சிகளைக் கணினி வரைகலையால் மாற்றி அமைப்பதைப் பாராட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் அந்தக் காலத்து விண்கப்பல்களை அட்டைப் பொம்மைகள் என்று எழுதியிருந்தது மனதை உறுத்தியது. காரைக்குடியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவன் நான். இருட்டறையில் கழிந்த வாழ்க்கை என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எண்பதுகளில் பிலிமும் பேப்பரும் வாங்கச் சென்னைக்குப் போனால் அக்காள் வீட்டில்தான் தங்குவேன். ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வரும். அக்காள் பிள்ளைகள் கதையைப் பார்ப்பார்கள், நான் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்ப்பேன். அதில் வரும் விண்கப்பல் ஏன் பெரும்பாலும் வலப்பக்கத்தையே காட்டிக்கொண்டு பறக்கிறது என்று அப்போதே யோசித்தேன். விடை பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அது பதினொரு அடி நீள மாதிரிக் கப்பல், அட்டையில் அல்ல, பெரும்பகுதி மரத்தில் செய்தது. உள்ளே எரியும் விளக்குகளுக்கான வயர்கள் இடப்பக்கம் வழியாக வெளியே வந்ததால் அந்தப் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்ட முடியவில்லை. ஒரு கண்ணில் பூ விழுந்த பெரியவரை நாங்கள் பக்கவாட்டில் உட்கார வைத்து எடுப்பதில்லையா, அதே வேலைதான். 1974இல் அந்த மாதிரியை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். இன்றும் வாஷிங்டனில் உள்ள வானூர்தி, விண்வெளி அருங்காட்சியகத்தில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தொடரில் ஆட்கள் கப்பலில் மின்னி மறைந்து கிரகத்தில் தோன்றும் காட்சியும் அப்படித்தான். வாரம் தவறாமல் ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டப் பணம் போதாது என்பதால் பிறந்த யோசனை அது. கறுப்புப் பின்னணியில் அலுமினியத் தூளைக் கொட்டி, வெளிச்சத்தில் அது மினுங்கி விழுவதைப் படமெடுத்து, நடிகரின் உருவத்தோடு சேர்த்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படத்தை ஏற்றும் ஒவ்வொரு முறையும் பிலிமில் சொரசொரப்பு கூடும், தூசி சேரும். நான் அறிந்த கஷ்டம் அது.

1978இல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அப்பத்தா என் ஸ்டூடியோவுக்கு வந்தார். பர்மாவுக்குப் போன கணவர் திரும்பவே இல்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த சிறிய படம் ஒன்றுதான் மிச்சம். அவர் பக்கத்தில் தான் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு படம் வேண்டும் என்றார். கணவர் முகத்தில் இடப்பக்கம் வெளிச்சம் விழுந்திருந்ததால் அப்பத்தாவையும் அதே வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். இரண்டு நெகட்டிவ், கறுப்புத் தாளில் வெட்டிய மறைப்பு, ஒரே பேப்பரில் இரண்டு முறை வெளிச்சம். ஐந்து நாள் ஆனது. கணவரின் தோள்மேல் மட்டும் மயிரிழைபோல ஒரு கோடு நின்றுவிட்டது. தூரிகையால் தொட்டுத் தொட்டு முடிந்தவரை மறைத்தேன். படத்தை வாங்கிய அப்பத்தா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் சுற்றி எடுத்துப் போனார்.

சென்ற ஆண்டு அவருடைய பேரன் அதே படத்தை வண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார். வெளியூர்க் கடையொன்றில் கணினியில் புதுப்பித்தார்களாம். தோள்மேல் இருந்த கோடு போய்விட்டது. கூடவே அப்பத்தாவின் காதும் போய்விட்டது. தண்டட்டி போட்டுத் தோளைத் தொடத் தொங்கிய காது அது. கணினி அதைப் பழுது என்று நினைத்துச் சின்னக் காதாக்கி, ஒரு கம்மலையும் மாட்டியிருந்தது. பழைய படம் எங்கே என்று கேட்டேன். செல்லரித்திருந்ததால் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

புதுமைக்கு நான் எதிரி அல்லன். 2006இல் ‘ஸ்டார் ட்ரெக்’கின் 79 அத்தியாயங்களுக்கும் புது வரைகலை செய்யத் தொடங்கினார்கள். கோள்களுக்கு மேகமும் நிழலும் வந்தன, கப்பல் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்புகிறது. நன்றாகவே செய்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், 2009 முதல் வந்த புளூ-ரே தட்டுகளில் பழைய காட்சி, புதிய காட்சி இரண்டையும் வைத்து, பார்ப்பவரே தேர்ந்தெடுக்கும்படி விட்டது. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொடரின் டிவிடிகள் சிலவற்றிலும் இதே ஏற்பாடு உண்டு.

என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது, 1987இல் தொடங்கிய புதிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்குச் செய்த வேலை. பிலிமில் எடுத்து வீடியோ நாடாவில் ஒட்டுவேலை செய்த தொடர் அது. 2012 முதல் மூல பிலிம் சுருள்களைத் தேடி எடுத்து, அன்று எடுத்த மாதிரிக் கப்பல்களின் படங்களையே மீண்டும் ஒன்றோடொன்று சேர்த்தார்கள். நெகட்டிவைக் கழுவித் துடைத்துப் புதிதாகப் பிரிண்ட் போடுவதுபோல. இது வேறு, காதை வெட்டிக் கம்மல் மாட்டுவது வேறு.

‘மாயாபஜார்’ படத்தில் ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து போவதை ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி 1957இல் கேமராவை வைத்தே செய்து காட்டினார். அந்த லட்டுகளை இன்னும் உருண்டையாக்குகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் செய்து பார்க்கட்டும். ஆனால் பார்ட்லியின் லட்டு எங்கே என்று கேட்கும் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கக் கையில் இருக்க வேண்டும்.

எனவே தொலைக்காட்சிகளும் இணையத் திரைகளும் காட்டுவது மூலமா, மாற்றியதா என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போட வேண்டும். இரண்டும் இருந்தால் இரண்டையும் தர வேண்டும். தூர்தர்ஷனுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’ போன்ற நம் அறிவியல் புனைவுத் தொடர்களின் நாடாக்கள் எத்தனை மிஞ்சியிருந்தாலும், அவற்றில் ஒரு புள்ளியையும் திருத்தாமல் முதலில் அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். மெருகு பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

அப்பத்தாவின் பேரனும் இதைப் படிக்கக்கூடும். அவருக்கு ஒரு செய்தி. பிஸ்கட் டின்னில் தேடியதில் அந்த இரண்டு நெகட்டிவ்களும் கிடைத்துவிட்டன. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜர் இன்னும் வேலை செய்கிறது. பேப்பர் மட்டும் வரவழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகைப்படக்காரர்,
காரைக்குடி.